மேலே இறங்கிக் கீழே ஏறுகிறவள் எழுதுவது: மதுரவாயல் சந்திப்பைத் திருத்தி வரையப்போகும் பொறியாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கும், பேருந்து வழித்தடம் போடும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. என் பெயர் உங்களுக்குத் தேவைப்படாது. பெருங்களத்தூரில் ஏறி, சென்னை பைபாஸில் வந்து, மதுரவாயலில் இறங்கி, பூந்தமல்லி போகும் இன்னொரு பேருந்தைப் பிடித்து வேலைக்குப் போகிறவள் நான். ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வெறும் வயிற்றோடு வரும் நோயாளிகள் ஏழு மணிக்கே வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள் என்பதால் ஆறு மணிக்கெல்லாம் நான் மதுரவாயலில் இருந்தாக வேண்டும்.

டோல்கேட் தாண்டியதும் நடத்துநர் எழுந்து குரல் கொடுப்பார். "மதுரவாயல் பைபாஸ் இறங்குறவங்க முன்னாடி வாங்க, சீக்கிரம் சீக்கிரம்." சீக்கிரத்துக்குக் காரணம் இருக்கிறது. பேருந்து நிற்கப்போவது நிறுத்தத்தில் இல்லை, பைபாஸின் ஓரத்தில். பின்னால் டிரெய்லர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வரும். ஓட்டுநர் முழுதாக நிறுத்தியும் நிறுத்தாமலும் பிரேக்கில் காலை வைத்திருப்பார். நாங்கள் குதிப்போம். பேருந்து போய்விடும். மேலே நாங்களும் காற்றும்தான்.

அதற்குப் பிறகுதான் பயணமே ஆரம்பிக்கிறது. இரும்புத் தடுப்பைத் தாண்டிக் காலைத் தூக்கி வைக்க வேண்டும். புடவை கட்டிய நாளில் அது ஒரு தனிக் கலை. அப்புறம் சரிவு. ஆயிரம் கால் மிதித்து மிதித்துப் புல் செத்து உண்டான ஒற்றையடிப் பாதை. கீழே வந்தால் வளைவுப் பாதை ஒன்று. வளைவில் வண்டி வருவது தெரியாது, சத்தம்தான் கேட்கும். காதை நம்பி ஓடிக் கடக்க வேண்டும். பிறகு பைபாஸிலிருந்து இடப்பக்கம் இறங்கி வரும் இணைப்புப் பாதை. அதையும் கடந்தால் பூந்தமல்லி நெடுஞ்சாலை, அதன் ஓரத்தில் எங்கள் பேருந்து நிற்கும் இடம். மேலே நான் இறங்கிய இடத்துக்கும் கீழே நான் ஏறும் இடத்துக்கும் உயர வித்தியாசம் ஏழு மீட்டர்கூட இருக்காது. நடக்கும் தூரமோ ஒரு தெருவின் நீளம், அதுவும் நடக்கவே கூடாத இடத்தில்.

போன தை மாதம் அம்மா திருச்சியிலிருந்து வந்தாள். வெளியூர்ப் பேருந்து அதிகாலை நாலரைக்கு இதே இடத்தில் இறக்கிவிட்டது. ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் முருங்கைக்காய்க் கட்டு, முழங்காலில் தேய்மானம். கூட்டிப் போக நான் கீழேயிருந்து மேலே ஏறி நின்றிருந்தேன். இறங்கும்போது பனியில் ஈரமான மண்ணில் அவளுக்குக் கால் வழுக்கியது. பெரிய அடி இல்லை. உட்கார்ந்த நிலையிலேயே நாலடி சறுக்கினாள். முருங்கைக்காய் மட்டும் எங்களுக்கு முன்னால் கீழே போய்ச் சேர்ந்தது. யாரோ ஒரு தம்பி செல்போன் வெளிச்சம் காட்டினான். அம்மா மண்ணைத் தட்டிக்கொண்டு கேட்டாள்: "ஏண்டி, மெட்ராஸுக்கு வரணும்னா மலை இறங்கணுமா?"

அந்தக் கேள்வியை நான் உங்களிடம் தள்ளிவிடுகிறேன்.

ஓட்டுநரைத் திட்டிப் பயனில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் ஒழுங்காக எங்களை இறக்க வேண்டுமென்றால் பைபாஸை விட்டுக் கீழே வர வேண்டும், அணுகுசாலையில் ஆட்டோவும் லாரியும் தண்ணீர் டேங்கரும் நிற்கும் நெரிசலில் ஊர வேண்டும், மறுபடி மேலே ஏற வேண்டும். காலையில் பத்து நிமிடம், மாலையில் அதற்கு மேல். உள்ளே உட்கார்ந்திருக்கும் நாற்பது பேருக்கு அம்பத்தூரிலோ மாதவரத்திலோ வேலை. எட்டு பேருக்காக நாற்பது பேரைக் காக்கவைப்பது அவருக்கும் நியாயமாகப் படாது. அதனால் மேலேயே நிறுத்துகிறார். விதியை மீறுகிறார்தான். ஆனால் விதிப்படி நடக்க ஓர் இடத்தை அவருக்கு யாரும் கட்டித் தரவில்லை.

இந்தச் சாலை எதற்காகப் போடப்பட்டது என்று எனக்குத் தெரியும். பெருங்களத்தூரிலிருந்து புழல் வரை 32 கிலோமீட்டர். திருச்சி, பெங்களூரு, திருவள்ளூர், கொல்கத்தா என்று நாலு திசை நெடுஞ்சாலைகளையும் ஊருக்கு வெளியிலேயே கோத்துவிட்டால் லாரிகள் ஊருக்குள் வரவேண்டாம் என்பது கணக்கு. நல்ல கணக்கு. ஆனால் அப்போது எது வெளியூராக இருந்ததோ அது இன்று ஊர். மதுரவாயல் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் முனையம் திறந்தது. தெற்கேயிருந்து வரும் பேருந்துகள் கோயம்பேடு வரைக்கும் வந்த காலம் போய்விட்டது. மாதவரம் போகும் வெளியூர்ப் பேருந்தானாலும், போரூரிலும் சூரப்பட்டிலும் ஆள் ஏற்ற உயர் நீதிமன்றம் அனுமதித்த ஆம்னி பேருந்தானாலும், தாம்பரத்திலிருந்து வரும் மாநகரப் பேருந்தானாலும், இன்று பைபாஸ்தான் அவற்றின் ராஜபாட்டை. லாரிக்குப் போட்ட சாலை தானாகவே பேருந்துச் சாலை ஆகிவிட்டது. சாலைக்கு மட்டும் அது இன்னும் தெரியாது.

மெட்ரோ வரட்டும், எல்லாம் சரியாகும் என்கிறார்கள். வரட்டும், சந்தோஷம். ஆனால் இரண்டாம் கட்டத்தில் எங்களுக்குப் பக்கத்தில் வரும் தடங்கள் போரூர் பக்கமாகப் போகின்றன. மதுரவாயல் பாலத்தடியில் மெட்ரோ நிலையம் எதுவும் அந்த வரைபடத்தில் இல்லை. இந்தச் சந்திப்பில் இறங்கி ஏறுகிறவர்களுக்குப் பேருந்துதான் கதி.

இப்போது கீழே நடப்பதைச் சொல்கிறேன். மாலை ஆறு மணிக்குப் பாலத்தடிக்கு வந்து ஒரு டீயை வாங்கிக்கொண்டு நில்லுங்கள். பூந்தமல்லி, வானகரம் பக்கமிருந்து கோயம்பேடு போகும் பேருந்து, வளைவுப் பாதையின் வாயிலேயே நிற்கும். பயணிகள் அங்கேதான் நிற்கிறார்கள், ஏனென்றால் மேலேயிருந்து வருகிறவர்கள் அங்கேதான் வந்து விழுகிறார்கள். பேருந்து நிற்கும் இடத்தில் ஷேர் ஆட்டோ நிற்கும். ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் பூக்காரம்மா உட்காருவார். இப்படி வளைவின் வாய் அடைபட்டதும், மேலேயிருந்து இறங்கும் வண்டிகள் வளைவு முழுக்கத் தேங்கும். தேக்கம் பைபாஸின் இடது ஓரம் வரைக்கும் போகும். அங்கே எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிற லாரிக்காரர் திடீரென்று சிவப்பு விளக்குகளைப் பார்த்துப் பிரேக்கை மிதிப்பார். பேருந்துப் பயணி ஏற இடமில்லாததும் லாரி பைபாஸில் நிற்பதும் வெவ்வேறு பிரச்சினை என்று உங்கள் கோப்புகள் சொல்லலாம். எனக்குப் பார்க்க ஒரே கயிற்றின் இரண்டு முனைகளாகத்தான் தெரிகிறது.

என் கணவர் சாலை வரைபடம் போடும் வேலையில் இருக்கிறார். மற்றவர் வரைந்ததைக் கணினியில் சுத்தமாக ஏற்றித் தருகிற வேலைதான், ஆனாலும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார். இதையெல்லாம் நான் புலம்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் வரைந்து விளக்கினார். அதை அப்படியே எழுதுகிறேன். தவறு இருந்தால் அது தாளின் தவறு.

நம் மதுரவாயல் மாதிரி இலை வடிவ வளையங்கள் வைத்த சந்திப்புகளுக்கெல்லாம் பிறவிக் குறை ஒன்று உண்டாம். ஒரு வளையத்திலிருந்து ஏறி வருகிற வண்டி பிரதான சாலையில் கலந்து வேகம் எடுக்கப் பார்க்கும். அதே சின்ன நீளத்துக்குள், அடுத்த வளையத்தில் இறங்க வேண்டிய வண்டி வேகத்தைக் குறைத்து இடது பக்கம் ஒதுங்கப் பார்க்கும். ஒன்று வலப்பக்கம் போகிறது, இன்னொன்று இடப்பக்கம் வருகிறது, இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி வெட்டிக்கொள்கின்றன. அது நடக்கும் இடம் சரியாகப் பாலத்தின் மேல். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1929இல் வந்த அந்நாட்டின் முதல் இலை வடிவச் சந்திப்பையே பிற்காலத்தில் இடித்து வேறு வடிவத்துக்கு மாற்றிவிட்டார்களாம். வண்டி குறைவாக இருந்த காலத்து அழகு அது.

இதற்கு மருந்தாக உலகம் முழுக்கச் செய்வது என்னவென்றால், பிரதான சாலைக்கு இடப்பக்கம் இணையாக ஒரு துணைச்சாலை போட்டு, வளையங்கள் எல்லாவற்றையும் அதில் கோத்துவிடுவது. கலப்பதும் பிரிவதும் அந்தத் துணைச்சாலையில், குறைந்த வேகத்தில் நடக்கும். பிரதான சாலையின் இடது ஓரம் நிம்மதியாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிரிப்புத் தீவு இருக்கும். சந்திப்பைத் திருத்தும்போது நீங்களே இதைச் செய்வீர்கள், செய்துதான் ஆக வேண்டும் என்கிறார் கணவர்.

சரி, அந்தத் தீவில் என்ன இருக்கும் என்று கேட்டேன். "ஒண்ணும் இருக்காது. கோடு கோடா பெயின்ட் அடிப்பாங்க, இல்லன்னா அரளிச் செடி வைப்பாங்க" என்றார்.

அரளிச் செடி வேண்டாம். அங்கே எங்களை நிற்க விடுங்கள்.

யோசித்துப் பாருங்கள். நம் நாட்டில் பேருந்துக்குக் கதவு இடப்பக்கம். பிரதான சாலையிலிருந்து தடுப்புச் சுவர் போட்டுப் பிரித்த ஒரு பேருந்துக் குடா, அதன் இடப்பக்கத்தில் இந்தத் தீவு. பேருந்து பைபாஸை விட்டு இறங்கவே வேண்டாம். குடாவுக்குள் ஒதுங்கும், கதவு திறந்தால் நேராகத் தீவின் மேடை. தீவு பாலத்தின் மேல் இருப்பதால், அங்கிருந்து படிக்கட்டை நேராகக் கீழே விட்டால் அது பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஓரத்தில் போய் முடியும். பயணி துணைச்சாலையைக் கடக்க வேண்டாம், வளைவைக் கடக்க வேண்டாம், இரும்புத் தடுப்பைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். ஏழு மீட்டர் உயரத்தைப் பதினாறு சென்டிமீட்டர் படிகளாகப் பிரித்தால் 44 படி. அம்மாவின் முழங்காலுக்கு அதுவும் அதிகம்தான். அதற்கு மின்தூக்கி வேண்டும். ஆனால் இன்றைக்கு அவள் இறங்கிய மலையோடு ஒப்பிட்டால் அது ராஜபோகம்.

கீழேயும் இதே ஏற்பாடு. பூந்தமல்லி நெடுஞ்சாலையின் நிறுத்தம் வளைவின் வாயிலிருந்து நகர்ந்து, படிக்கட்டு முடியும் இடத்துக்கு, பாலத்தின் நிழலுக்கே வரட்டும். வெயிலுக்கும் மழைக்கும் தனிக் கூரைகூடப் போட வேண்டியதில்லை, பாலமே கூரை. ஆள் அங்கே போனால் ஷேர் ஆட்டோவும் அங்கே போகும், ஷேர் ஆட்டோ போனால் வளைவின் வாய் திறக்கும், வாய் திறந்தால் லாரிக்காரர் பைபாஸில் பிரேக் அடிக்க வேண்டியதில்லை. போலீஸ் நின்று கம்பால் விரட்டித் தீராததை ஒரு படிக்கட்டு தீர்க்கும் என்று நான் நம்புவதற்கு இதுதான் காரணம்.

இஸ்தான்புல் நகரத்தில் 2007இலிருந்து இப்படித்தான் ஓடுகிறது. பெரிய நெடுஞ்சாலையின் நடுவிலேயே பேருந்துக்குத் தனித் தடம், நிறுத்தங்களுக்கு மேலே நடைபாலம். மெட்ரோபஸ் என்று பெயர். அவ்வளவு பெரிதாக நான் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு மேடை, அவ்வளவுதான்.

வேகச்சாலையில் பேருந்து நிற்கக் கூடாது, சந்திப்பிலிருந்து தள்ளித்தான் நிறுத்தம் வைக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். வண்டிக்கு அது நல்ல விதி. பேருந்து மாறுகிறவருக்கு அது தண்டனை. சந்திப்பிலிருந்து முந்நூறு மீட்டர் மேலே ஒரு நிறுத்தம், முந்நூறு மீட்டர் கீழே ஒரு நிறுத்தம் என்று வைத்தால் பயணி அறுநூறு மீட்டர் நடக்க மாட்டார், சரிவில்தான் இறங்குவார். நீங்கள் எங்கே பலகை நட்டாலும் ஆள் குறுக்கு வழியில்தான் போகும், அதை நீங்கள் எந்தக் கோயில் வாசலிலும் பார்க்கலாம். அதனால் விதியின் உயிரைக் காப்பாற்றுங்கள், எழுத்தை அல்ல. நிற்கிற பேருந்தை ஓடுகிற வண்டி இடிக்கக் கூடாது, அதுதானே உயிர்? அதற்குத் தடுப்புச் சுவர் இருக்கிறது. பேருந்து வேகம் குறைக்கப் போதுமான நீளம் கொடுங்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பேருந்து, உள்ளே நிற்கிறவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாயாமல் நிற்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 140 மீட்டர் வேண்டும் என்று கணவர் கணக்குப் போட்டார். வெளியே போக, வேகம் எடுக்க, அதைவிட அதிகம். அந்த நீளத்துக்கு நிலமும் பாலத்தை அகலப்படுத்தும் செலவும் ஆகும். மலிவான யோசனை என்று நான் சொல்லவில்லை.

செலவுக்கு நியாயம் எங்கே என்றால், உங்கள் எண்ணிக்கையை மாற்றி எண்ணிப் பாருங்கள் என்பேன். சாலையோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வண்டி எண்ணுகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். சாலைகளுக்கு விதி வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் நெடுஞ்சாலைக் கணக்குப்படி ஒரு கார் 1, மோட்டார் சைக்கிள் அரை, பேருந்தும் லாரியும் 3. சாலையில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்பதற்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் அதில் அறுபது பேரை ஏற்றிவரும் பேருந்தும் செங்கல் ஏற்றிவரும் லாரியும் ஒன்று. மூன்று காரில் மூன்று பேர் போனாலும் அதே 3. நானும் அம்மாவும் அந்தத் தாளில் எங்குமே இல்லை. அடுத்த முறை எண்ணும்போது ஒரு பையனைப் பைபாஸின் மேலே நிறுத்துங்கள். எத்தனை வண்டி என்று அவன் எண்ண வேண்டாம். எத்தனை பேர் இறங்கினார்கள், அவர்கள் எந்தப் பக்கம் நடந்தார்கள் என்று மட்டும் எழுதட்டும். காலை நாலு மணிக்கே ஆரம்பிக்கட்டும், ஏனென்றால் வெளியூர்ப் பேருந்துகள் இறக்கிவிடும் நேரம் அது. வழக்கமான கணக்கெடுப்பில் அந்த நேரத்தை யாரும் நெரிசல் நேரம் என்று சொல்வதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் துறைமுகச் சாலை. சென்னைத் துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை உயர்மட்டச் சாலை, சுமார் இருபதரை கிலோமீட்டர். 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2012இல் கூவத்தின் ஓட்டம் தடைபடும் என்று மாநில அரசு வேலையை நிறுத்தியது. பாதியில் விட்ட தூண்கள் மொட்டையாக நின்றதைப் பேருந்து ஜன்னலிலிருந்து வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே போனோம். என்னோடு வேலை பார்க்கும் பெண் அதற்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் வயது சொல்லுவாள். 2022 மே 26இல் மறுபடி அடிக்கல், இந்த முறை இரண்டடுக்கு. ஊருக்குள் ஓடும் வண்டிகளுக்குக் கீழடுக்கு, துறைமுக லாரிகளுக்கு மேலடுக்கு.

அந்தக் கன்டெய்னர் லாரிகள் எல்லாம் கடைசியில் எங்கே வந்து இறங்கும்? எங்கள் தலையில்தான். அதிலிருந்து வடக்கே புழல் பக்கமும் தெற்கே பெருங்களத்தூர் பக்கமும் திரும்பப் போகிறவை எத்தனை என்பது உங்களிடம் கணக்கு இருக்கும். நாற்பதடி டிரெய்லர் நம் பழைய வளைவில் திரும்புவதை ஒரு நாள் பார்த்தேன். பின்சக்கரம் ஓரக்கல்லில் ஏறி இறங்கியது, அதன் பக்கத்தில் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடக்கக் காத்திருந்தாள். துறைமுக லாரிகள் திரும்புவதற்குத் தனிச் சாய்தளம் வேண்டும், அது பேருந்து ஏறி இறங்கும் இடத்தைத் தொடக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டால் நான் மேலே கேட்டது எதுவும் உபயோகப்படாது.

எப்படியும் சந்திப்பை வெட்டி ஒட்டப்போகிறீர்கள். கல்யாணப் பந்தலிலேயே காதுகுத்தையும் முடித்துவிடுகிற குடும்பங்கள் உண்டு, செலவு பாதி. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் என்ன ஆகும் என்பதற்குக் கத்திப்பாரா இருக்கிறது. பாலம் 2008இல் திறந்தது. பாலத்தடியில் பேருந்து நின்று, ஆள் இறங்கி, ஆலந்தூர் மெட்ரோவுக்கு ஒழுங்காக நடந்து போகிற மாதிரி சதுக்கம் அமைந்தது 2021 டிசம்பரில். அந்தச் சதுக்கம் நன்றாகவே இருக்கிறது, விளக்கும் உண்டு உட்கார இடமும் உண்டு. ஆனால் நடுவில் பதின்மூன்று வருடம். பள்ளியில் சேர்ந்த பிள்ளை கல்லூரிக்குப் போய்விடும்.

யாருக்கு எழுதுவது என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. பாலம் ஒருவர் கையில், பேருந்து இன்னொருவர் கையில், தெருவிளக்கும் வடிகாலும் வேறொருவர் கையில், போக்குவரத்துப் போலீஸ் தனி. இப்படிப்பட்ட இடங்களுக்காகவே 2010இல் சட்டம் போட்டு, கும்டா என்கிற ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்தை அமைத்திருக்கிறார்கள். அவர்கள் 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலியைக் கொண்டுவந்தபோது நான் முதல் வாரமே பதிவிறக்கிக்கொண்டேன். பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். நல்ல வேலை. ஒரே டிக்கெட் கொடுத்துவிட்டீர்கள், ஒரே படிக்கட்டையும் கொடுத்துவிடுங்கள் என்று கும்டாவைக் கேட்கிறேன். வரைபடம் போடுகிறவர்களையும் வழித்தடம் போடுகிறவர்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்க உங்களால்தான் முடியும். மேலே மேடை கட்டி முடித்த பிறகு, அங்கே எந்தப் பேருந்தும் நிற்காது என்று வழித்தடக்காரர்கள் சொல்கிற கூத்தும் நடக்கக் கூடாது பாருங்கள்.

சில சின்ன விஷயங்கள், சின்னதாகத் தெரிவதால் மறந்துபோகிறவை.

மின்தூக்கி வைத்தால் சந்தோஷம். ஆனால் இந்த ஊரில் மின்தூக்கிகள் திறப்பு விழா வரைக்கும் நன்றாக ஓடும். அதனால் சாய்தளமும் வையுங்கள். பன்னிரண்டுக்கு ஒன்று சரிவு என்றால் ஏழு மீட்டருக்கு 84 மீட்டர் நீளம், மடக்கி மடக்கி இறக்கலாம். மின்தூக்கியின் குழியை அணுகுசாலையின் மட்டத்துக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள், ஐப்பசி கார்த்திகையில் இங்கே தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று டீக்கடைக்காரரைக் கேட்டால் சுவரில் கோடு காட்டுவார்.

கழிப்பறை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்து விடியற்காலையில் இறங்குகிற பெண்களைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.

எந்தப் பேருந்து வருகிறது என்று காட்டும் பலகை. மே 2021இலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது எங்கள் வீட்டுச் செலவில் எவ்வளவு மிச்சம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பேருந்துக்காகக் காத்திருக்கிறவள் இரண்டு, மூன்று பேருந்துகளை விட்டுவிட்டு நிற்பாள், அதாவது மற்றவர்களைவிட அதிக நேரம் சாலையோரத்தில் நிற்பாள். மேடையில் அவளுக்கு உட்கார ஒரு திண்டாவது வேண்டும்.

இதெல்லாம் கட்டி முடிய வருடங்கள் ஆகும், தெரியும். அதுவரை செய்ய முடிந்தது: இப்போது கால் பட்டுத் தேய்ந்த அந்தச் சரிவிலேயே சிமென்ட் படியும் பிடிமானக் கம்பியும், இரண்டு விளக்கு, வளைவைக் கடக்கும் இடத்தில் மேடு தூக்கிய வரிக்குதிரைக் கோடு. நான் நடக்கும் பாதையை அங்கீகரித்தால் அது சட்டவிரோதத்துக்கு உடந்தை ஆகிவிடும் என்று யாராவது குறிப்பு எழுதக் கூடும். எழுதட்டும். அதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

கணவர் வரைந்த நாட்காட்டித் தாளை மடித்துப் பையில்தான் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் சஷ்டி, சந்திராஷ்டமம் எல்லாம் போட்டிருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். விடுமுறை தவிர எல்லா நாளும் காலை 5.50 வாக்கில் மேலே இறங்குவேன். உங்களில் ஒருவர் என்னோடு பெருங்களத்தூரிலேயே ஏறி வந்தால் நல்லது. கார் வேண்டாம், காரில் வந்தால் தெரியாது. கையில் டேப்பும் காலில் பிடிமானமுள்ள செருப்பும் இருக்கட்டும். தடுப்பைத் தாண்டும்போது பையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெருங்களத்தூரில் ஏறி மதுரவாயலில் இறங்குகிறவள்